பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்கிறதா?

“பிரஷர் மாத்திரையை வருஷக்கணக்குல சாப்பிட்டா கிட்னி போயிடும்.” களப்பணிக்குப் போகிற எந்தக் காலனியிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நாங்கள் திரும்பியதில்லை. டீக்கடையில் கேட்கிறோம், நூறு நாள் வேலைத் தளத்தில் கேட்கிறோம், முதுகலை படிக்கிற தம்பி தங்கைகளின் வாயிலிருந்தும் கேட்கிறோம். இதைக் கேட்டவர்கள் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒன்றும் ஆவதில்லை. தலைவலி கூட வருவதில்லை. “பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்” என்று அடுத்த மாதமும் நிறுத்துகிறார்கள். ஏதோ ஒரு விடியற்காலையில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கூலி குறைகிறது. அவரைத் தூக்கி உட்கார வைக்க இன்னொருவர் வேலைக்குப் போகாமல் நிற்பதால் இரண்டாவது கூலியும் போகிறது. பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை. அவள் படிப்பு நிற்கிறது.

எனவே இது வெறும் மருத்துவச் சந்தேகம் என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை. நம் தெருவில் யார் எத்தனை வயதில் விழுகிறார்கள், யார் படிப்பை விடுகிறார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. இதைப் பற்றி நாம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, அந்த வாக்கியம் பொய். இரண்டு, அந்தப் பொய்யை நம்புகிற நம் மக்கள் முட்டாள்கள் இல்லை. மூன்று, மாத்திரையை நம் கையில் கொடுத்துவிட்டு அதன் பிறகு நம்மைத் திரும்பிப் பார்க்காத ஏற்பாடுதான் உண்மையில் ஆபத்தானது. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு சாதி முகம் உண்டு.

முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசுவோம்

அரசு மருத்துவமனையில் பிரஷருக்கென்று கொடுக்கும் மாத்திரைகளில் அதிகம் பேர் சாப்பிடுவது அம்லோடிபின். அட்டையில் 5 மில்லிகிராம் அல்லது 2.5 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். ரத்தக் குழாயின் சுவரில் இருக்கிற தசை இறுகுவதற்குக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியம் உள்ளே போகிற வழியை இந்த மருந்து அடைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்ற மருந்து இது. ஆக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் விழுங்கிய மாத்திரை.

இதன் மீது சந்தேகமே எழுந்ததில்லையா? எழுந்தது. 1995இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள், குறிப்பாகக் குறுகிய நேரம் மட்டும் வேலை செய்யும் நிஃபெடிபின் போன்றவை, மாரடைப்பைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் வந்தன. அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய பீதி கிளம்பியது. புற்றுநோய் வருமோ என்ற கேள்வியும் அதையொட்டி வந்தது. அந்தச் சந்தேகத்துக்கு அங்கே எப்படி விடை கண்டார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் ‘ஆல்ஹாட்’ என்ற பெரிய சோதனையை நடத்தியது. 2002இல் வெளியான அதன் முக்கிய அறிக்கையில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 33,357 பேரின் கணக்கு இருக்கிறது. சராசரியாக 4.9 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அதில் 35 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள்.

முடிவு என்ன? அம்லோடிபின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. புற்றுநோய் கூடவில்லை. கிட்னி செயலிழப்பும் கூடவில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. குளோர்தாலிடோன் என்கிற பழைய, மலிவான, சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டால் அம்லோடிபின் சாப்பிட்டவர்களுக்கு இதயம் பலவீனமாகும் நோய் கூடுதலாக வந்தது. ஆறு ஆண்டுகளில் ஒரு பக்கம் 7.7 சதவீதம், இந்தப் பக்கம் 10.2 சதவீதம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிதாக வந்த விலை கூடிய மருந்து, பல காலமாக இருந்த மலிவு மருந்தை மிஞ்சவில்லை என்று அரசுப் பணத்தில் நடந்த சோதனை அம்பலப்படுத்தியது. 2023இல் அதே மக்களை 23 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த கணக்கும் வெளிவந்தது. இதய, ரத்தக் குழாய் நோயால் இறப்பதில் இந்த மருந்துகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது.

2013இல் இன்னொரு அதிர்ச்சி. பத்தாண்டுகளுக்கு மேல் இந்த வகை மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு சொன்னது. அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஒரு கேள்வி எழுந்தால் அதைத் தேடிப் போய் விடை காண்பதற்கு அங்கே பதிவேடு இருந்தது. நமக்கு அது இருக்கிறதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

சரி, கிட்னி? அம்லோடிபின் உடைவது கல்லீரலில். கிட்னி பழுதானவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் கொடுக்கிற மாத்திரை அது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கே கொடுக்கிறார்கள். டெல்மிசார்டான், லோசார்டான் வகை மாத்திரைகள் இன்னும் ஒரு படி மேல். 2001இல் வெளியான ஒரு சோதனையில், சர்க்கரை நோயால் கிட்னி பழுதாகத் தொடங்கிய 1,513 பேரில், லோசார்டான் சாப்பிட்டவர்களுக்கு முழுச் செயலிழப்புக்குப் போகும் ஆபத்து 28 சதவீதம் குறைந்தது. கிட்னியைக் காப்பாற்றக் கொடுக்கிற மருந்தைத்தான் கிட்னிக்கு எமன் என்கிறார்கள்.

பொய் எப்படி உண்மை மாதிரி தெரிகிறது

கிட்னிக்குள் இருப்பது மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள். அழுத்தம் கூடினால் முதலில் சிதைவது அவைதான். கிட்னி செயலிழப்புக்கு முதல் இரண்டு காரணங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். ஆனால் பிரஷர் வலிக்காது. காய்ச்சல் மாதிரி படுக்க வைக்காது. பத்து வருஷம் யாருக்கும் தெரியாமல் அரித்துவிட்டு, மூச்சு வாங்கும்போதோ மயங்கி விழும்போதோதான் முகம் காட்டும். அப்போதுதான் நம் ஆள் முதல்முறையாக மருத்துவமனைக்குப் போகிறார். மாத்திரை தொடங்குகிறார்கள். இரண்டு வருஷத்தில் டயாலிசிஸ். தெரு பார்ப்பது என்ன? “மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சான், கிட்னி போச்சு.” முன்னால் ஓடிய பத்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அதை அளந்து பார்க்க ஒரு கருவியும் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

சமூகவியல் படிக்கிற தோழர்களுக்கு இது புதிதில்லை. ஒன்றன் பின் ஒன்று வந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது முதல் பாடம். ஆனால் எதற்காக ஒருவர் இவ்வளவு தாமதமாக வந்தார் என்று கேட்பது அதைவிட முக்கியமான பாடம்.

நம் தெருவில் கிட்னியை உண்மையாகவே அரிக்கிறவை வேறு உண்டு. மெடிக்கலில் “உடம்பு வலிக்குது, ஒரு செட் கொடுங்க” என்று கேட்டால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுக்கிறார்களே, அந்தச் செட் மாத்திரை. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும். பெயர் தெரியாது, அளவு தெரியாது. நாற்று நட்டவர்கள், செங்கல் சுமந்தவர்கள், சாக்கடை அள்ளியவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் வேலைக்கு எழுந்திருக்கிறார்கள். அந்த வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பிரஷருக்கு டெல்மிசார்டானும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் கூடவே இந்த வலி மாத்திரையையும் போட்டால், மூன்றும் சேர்ந்து கிட்னியைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடும். மருத்துவப் புத்தகங்களில் இது பழைய செய்தி. ஆனால் மெடிக்கல் கடையில் “பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று யாராவது கேட்கிறார்களா?

அடுத்தது வெயில். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளிலேயே, வெப்பத்தில் உழைப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் கிட்னியின் வேலையைக் குறைக்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் ஏன் குடிப்பதில்லை? வேலையிடத்தில் ஒதுங்க இடமில்லாத பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இது எந்த மருந்து அட்டையிலும் பக்கவிளைவாக அச்சிடப்படுவதில்லை.

சந்தேகப்படுவது குற்றமில்லை

“படிக்காத ஜனங்க, சொன்னா கேக்க மாட்டாங்க” என்று வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு நாம் சில விஷயங்களை நினைவுபடுத்த வேண்டும்.

2009இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் அது நிறுத்தப்பட்டது. ஒப்புதல் விதிகள் மீறப்பட்டதை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி உலகம் முழுக்கப் பயன்படுகிற நல்ல தடுப்பூசி. நம் பிள்ளைகளுக்குப் போடும்போது மட்டும் கேட்காமல் போடலாம் என்று நினைத்த மனம்தான் குற்றவாளி.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. குழாயில் வரும் தண்ணீரையே மோந்து பார்த்துக் குடிக்க வேண்டிய நாட்டில், கையில் கொடுத்த மாத்திரையைச் சந்தேகப்படுவதை அறியாமை என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. அந்தச் சந்தேகத்தை அனுபவம் கற்றுக் கொடுத்திருக்கிறது.

மருந்தின் தரத்திலும் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. 2018இல் வால்சார்டான் என்ற பிரஷர் மருந்தில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற அசுத்தம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெற்றார்கள். மருந்தின் மூலக்கூறில் குற்றமில்லை. அதைத் தயாரித்த ஆலையின் செய்முறையில் இருந்தது. இந்தியாவில் 2024 ஆகஸ்ட் மாதத்துக்கான மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலில் தரம் குறைந்தவை என்று குறிக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளில் டெல்மிசார்டானும் ஒன்று. அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில், இணையத்தில் வெளியாகிறது. அட்டையின் பின்னால் இருக்கிற தொகுதி எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நம் பாட்டிகளால் முடியுமா?

ஆனால் இந்த நியாயமான சந்தேகத்தின் மேல் வியாபாரம் செய்கிறவர்களை நாம் விடக்கூடாது. யூடியூபில் வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்துகொண்டு “நம் முன்னோர்கள் மாத்திரை மருந்து இல்லாமல் நூறு வயது வாழ்ந்தார்கள்” என்று பேசுகிறவர்களைக் கேட்கிறோம். யாருடைய முன்னோர்கள்? பண்ணையில் சாட்டையடியும் சாணிப்பாலும் வாங்கியவர்கள் நூறு வயது வாழவில்லை. காலராவிலும் பசியிலும் பிரசவத்திலும் செத்தார்கள். இன்றைக்கும் நிலைமை என்ன? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் தரவை வைத்து ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இறந்துபோன தலித் பெண்களின் சராசரி வயது 39.5 என்றது. ஆதிக்கச் சாதிப் பெண்களுக்கு 54.1. இடையில் 14.6 ஆண்டுகள். இந்தப் பதினான்கு ஆண்டுகளைக் களவு கொடுத்த நமக்கு, மருந்தில்லாத பொற்காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சைவமும் பட்டினியும் தியானமும்தான் மருந்து என்று அவர்கள் சொல்வதை நம் இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் பகிரும்போது, எதைப் பகிர்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அவர்களில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

கால் வீங்கினால் யாரிடம் சொல்வது?

அம்லோடிபினுக்கு உண்மையான பக்கவிளைவு உண்டு. கணுக்கால் வீங்கும். சிலருக்கு ஈறு தடிக்கும். முகம் சிவந்து சூடாகும். மருந்தோடு வரும் விவரக் குறிப்பிலேயே கணக்கு இருக்கிறது: 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 10.8 சதவீதம் பேருக்குக் கால் வீக்கம். அளவைப் பிரிக்காமல் மொத்தமாகப் பார்த்தால் பெண்களுக்கு 14.6 சதவீதம். ஆண்களுக்கு 5.6 சதவீதம். அளவு குறைந்தால் வீக்கமும் குறையும். இது கிட்னி கெட்டதால் வரும் வீக்கம் இல்லை. விரிந்த குழாயிலிருந்து நீர் கசிவதால் வருவது. மருத்துவர் அளவைக் குறைத்தோ, டெல்மிசார்டான் வகையைச் சேர்த்தோ, மருந்தை மாற்றியோ சரிசெய்துவிடலாம். ஆனால் கிட்னி பழுதானாலும் இதயம் பலவீனமானாலும் கால் வீங்கும். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ரத்தப் பரிசோதனை, ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும்.

அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை. நாற்பத்தைந்து வயது விவசாயக் கூலிப் பெண் ஒருவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார். உள்ளே போனதும் சீட்டைப் பார்த்து “அதே மாத்திரை” என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கால் வீங்குகிறது என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கன். அவர் வீட்டுக்கு வந்து, கால் வீக்கத்தையும் தெரு சொன்னதையும் கூட்டிப் பார்த்து, கிட்னி போகத் தொடங்கிவிட்டது என்று முடிவெடுத்து மாத்திரையை நிறுத்துகிறார். அவர் கையில் இருக்கிற தகவலுக்கு அது அறிவுள்ள முடிவுதான். அடுத்த முறை பிரஷர் 180 காட்டும்போது அவரைத் திட்டுகிறார்கள். “ஒத்துழைக்காத நோயாளி” என்று ஒரு பெயர் வைக்கிறார்கள். ஒத்துழைக்காதது யார்?

எழுதிக் கொடுக்கும் அறிவுரையிலும் சாதி இருக்கிறது. “கருவாடு, ஊறுகாய், அப்பளம் நிறுத்துங்க” என்கிறார்கள். உப்பைக் குறைப்பது நல்லதுதான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் காய்கறி வாங்கக் காசில்லாத வீட்டில் ஒரு துண்டு கருவாடுதான் ஒரு சட்டிச் சோற்றை இறக்குகிறது. அதைச் சொல்லும்போது “உங்க ஆளுங்க சாப்பாடே அப்படித்தான்” என்று முகம் சுளிப்பது எந்த மருத்துவம்? “தினமும் நடங்க” என்று நாள் முழுக்கக் குப்பை வண்டி தள்ளுகிறவரிடம் சொல்கிறவர்களை என்னவென்பது? அவருக்குத் தேவை ஓய்வு, தூக்கம், நிரந்தர வேலை, வேலையிடத்தில் வசவு வாங்காத ஒரு நாள்.

பெண்கள் விஷயத்தில் இந்த அலட்சியம் இன்னும் ஆபத்தானது. டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது. வயிற்றில் இருக்கிற குழந்தையின் கிட்னியைப் பாதிக்கும். முப்பது வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கும்போது “குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா, நாள் தள்ளினால் உடனே வாருங்கள்” என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், நல்ல மருந்தும் ஆபத்தான மருந்துதான்.

நம் உடல் வேறு உடல் அல்ல

இங்கே ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். “தலித் மக்களின் உடலுக்கு இந்த மருந்து ஒத்துவராது, தனி ஆய்வு வேண்டும்” என்று நம்மில் சிலர் ஆர்வத்தில் பேசுகிறார்கள். அமெரிக்காவில் 2005இல் பைடில் என்ற இதய மருந்தைக் கறுப்பின நோயாளிகளுக்கென்றே அனுமதித்தார்கள். ஒடுக்குமுறையால் வந்த நோயை மரபணுவின் மேல் போட்டு, அதையும் விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள் என்று அங்கேயே கடும் விமர்சனம் எழுந்தது. சாதி ரத்தத்தில் இல்லை என்று வாதாடுவதற்கே நாம் இயக்கம் நடத்துகிறோம். ரத்த அழுத்தத்தை அளக்கும்போது மட்டும் சாதி ரத்தத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதா?

நாம் கேட்பது வேறு. யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேருக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் சோதித்தார்கள், எத்தனை பேர் நடுவில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்ற கணக்கை சாதிவாரியாக, தொழில்வாரியாக, ஆண் பெண் வாரியாக அரசு வெளியிட வேண்டும். ஆல்ஹாட் சோதனையில் கறுப்பின மக்கள் எத்தனை பேர் என்று நம்மால் இன்றைக்குச் சொல்ல முடிகிறது, அவர்களுக்கு எந்த மருந்து எப்படி வேலை செய்தது என்று பார்க்க முடிகிறது. காரணம், அங்கே எண்ணினார்கள். அப்படி எண்ணுவதற்குப் பின்னால் ஒரு நீண்ட உரிமைப் போராட்டம் இருக்கிறது. எண்ணாத இடத்தில் நம் சாவு “இயற்கை மரணம்” என்றே எழுதப்படும்.

பொதுச் சொத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம்

தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்கி, சோதித்து, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்க வழி செய்தது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. இதை நாம் மனதாரப் பாராட்ட வேண்டும். பல மாநிலங்களில் நம் மக்களுக்கு இது கனவு. அந்த மாத்திரையைத் தூக்கிச் சுமந்து வருகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிற உழைக்கும் பெண்கள். அவர்களைப் பணியாளர்களாக்கக் கேட்பதும் நம் கோரிக்கைதான்.

மகாத் குளத்தில் 1927இல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியது பொதுச் சொத்தில் நமக்குள்ள பங்கை நிலைநாட்ட. பொதுப் பணத்தில் வாங்கிய மாத்திரையும், பொதுப் பணத்தில் நடக்கும் பரிசோதனைக் கூடமும், பொதுப் பணத்தில் படித்த மருத்துவரின் ஐந்து நிமிடமும் அந்தக் குளத்தைப் போன்றவைதான். வதந்திக்குப் பயந்து கரையில் நின்றுவிட்டால், காலியாகிற இடத்தைத் தனியார் மருத்துவமனை நிரப்பிக்கொள்ளும். அதற்கு விலை கொடுக்க நம்மிடம் இருப்பது தாலிக் குண்டுமணியும் கந்துவட்டியும்தான்.

ஆகவே தோழர்களே, கூட்டம் போட்டுப் பேசுவதோடு நிற்காமல் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். வீட்டில் அம்மா நிறுத்தியிருந்தால் சண்டை போடாதீர்கள். “ஏம்மா நிறுத்தின? கால் வீங்குச்சா?” என்று முதலில் கேளுங்கள். பதிலை அவர் சீட்டின் பின்னால் எழுதி, கூடவே போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். படித்த பிள்ளை கூட நின்றால் ஐந்து நிமிடம் கிடைக்கும் என்பது கசப்பான உண்மை. அந்த ஐந்து நிமிடத்தை நம் வீட்டுக்கு மட்டும் வாங்காமல் தெருவுக்கே வாங்குங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிட்னி போகிறதா இல்லையா என்று தெரு முடிவு செய்ய வேண்டாம், சோதனை சொல்லட்டும்.

செட் மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். கடைக்காரரிடம் பெயர் எழுதிக் கேளுங்கள். பில் கேளுங்கள். வலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சுவரில் எழுதுங்கள்.

பக்கவிளைவு வந்தால் பதிவு செய்யுங்கள். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நோயாளிகளே நேரடியாகச் சொல்லலாம். நம் தெருக்களிலிருந்து எத்தனை அழைப்பு போயிருக்கும்? நாம் சொல்லாத வீக்கம் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாது.

நம் படிப்பகங்களில், இரவுப் பாடசாலைகளில் ஒரு பிரஷர் கருவி வாங்கி வையுங்கள். அம்பேத்கர் படத்துக்கு வாங்கும் மாலைச் செலவில் ஒரு பகுதி போதும். சர்க்கரை நோயோடு பல ஆண்டுகள் போராடிய அவர் அதை மறுக்க மாட்டார்.

கடைசியாக, கிராம சபை. மாத்திரை எந்த மாதம் இல்லாமல் போனது, ரத்தப் பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்போதே மனு போடுங்கள். வருகிற பதிலை எடுத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். பரிசோதனை காலனிக்கே வர வேண்டும், தரம் குறைந்த மருந்துகளின் பட்டியல் தமிழில் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். ஏற்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு, எழுதும் வரை அங்கேயே உட்காருங்கள்.